காட்டுச்சேனை பூத்த மாலை

போனை அடித்தேன். பூட்டிய வீட்டுக்குள் மணி கேட்டது.

அண்ணன் ஒரு முருகன் பாட்டை மணியாக வைத்திருந்தார். கதவுக்கு அந்தப் பக்கம் அது முழுதாகப் பாடி முடித்து நின்றது. மறுபடி அடித்தேன். மறுபடி பாடியது. மூன்றாவது தடவை அடிக்க எனக்கு விரல் வரவில்லை.

அப்போதுதான் அந்த நாற்றம் வந்தது. வீட்டின் பின்பக்கம் ஓடை இருக்கிறது. காற்று ஒரு தடவை அங்கிருந்து திரும்பியது, மூக்கில் வந்து அறைந்தது. செத்த எலி நாற்றம் எனக்கு நன்றாகத் தெரியும். என் கடைக் கூரையில் வருஷத்துக்கு இரண்டு எலியாவது சாகும். இது எலி இல்லை. இது பெரிய உடம்பு.

மாலை ஐந்து மணி இருக்கும். கையில் அண்ணனுக்குக் கொண்டுபோன சோற்று அடுக்கு. அதை எங்கே வைத்தேன் என்று இன்றுவரை ஞாபகம் இல்லை.

வாராவாரம் எழுதும் தையல் கடைக் கதையைப் பாதியில் விட்டுவிட்டு இதென்ன புதிதாக என்று கேட்பீர்கள். ரவிக்கை அளவு தப்பிய மணப்பெண் போன வாரத்திலிருந்து அப்படியே நிற்கிறாள், தெரியும். இன்னும் கொஞ்சம் நிற்கட்டும். நேற்றுக் காலை கோலசிலாங்கூர் பாசாரில் ஒரு சீன அம்மா சேனைக்கிழங்கை இரண்டாகப் பிளந்து வைத்திருந்தார். அதைப் பார்த்ததும் கால் அங்கேயே நின்றுவிட்டது. இதை எழுதி முடிக்காமல் எனக்கு வேறு எதுவும் ஓடாது போலிருக்கிறது.

பூட்டு வெளியே, போன் உள்ளே

இது நடந்து ஒரு சில வருஷம்தான் ஆகிறது. நோய்க் காலம் அடங்கி, ஜனங்கள் முகக்கவசத்தைக் கழற்றிவிட்டு நடமாட ஆரம்பித்திருந்த சமயம்.

அண்ணன் பெயர் ஆறுமுகம். எனக்கு எட்டு வயது மூத்தவர். முப்பது வருஷம் பாமாயில் தோட்டத்தில் செம்பனைக் குலை வெட்டியவர். தோட்டத்தில் புது வீடுகள் கட்டிக் கொடுத்தபோது எல்லாரும் சட்டிபானையோடு போய்விட்டார்கள். இவர் மட்டும் தொழிலாளர் வரிசை வீடுகளான பழைய லயத்தின் கடைசி வீட்டை விட்டு அசையவில்லை. துணைக்கு நாலு வீடு தள்ளி, வேலையாட்களைக் கண்காணித்த மண்டோர் சுப்பையாவும் தங்கிவிட்டார். மண்டோர் வேலையை விட்டு நின்று பல வருஷம் ஆகிறது. ஆனால் இப்போதும் யாரைப் பார்த்தாலும் வேலைக்குத் தாமதமாக வந்தவனைப் பார்ப்பது போலத்தான் பார்ப்பார்.

அண்ணனுக்கு ஒரே மகள், கவிதா. ரவாங்கில் ஒரு தொழிற்சாலையில் வேலை. அவள் அப்பாவோடு பேசி அப்போது நாலு வருஷம் ஆகியிருந்தது. அண்ணி ஆஸ்பத்திரியில் கிடந்த கடைசி வாரத்தில் அண்ணன் இங்கே குடித்துவிட்டுக் கிடந்தார். அண்ணியின் உடலை எடுத்துக்கொண்டு போன பிறகுதான் வந்து சேர்ந்தார். அம்மாவின் முகத்தைக்கூடப் பார்க்காத மனுஷன் எனக்கு அப்பா இல்லை என்று கவிதா என்னிடம் ஒரே ஒரு தடவை சொன்னாள். அதற்குப் பிறகு அந்தப் பேச்சே கிடையாது.

அடுத்த மாசமே அண்ணன் குடியை விட்டார். யாரிடமும் சொல்லவில்லை. விட்டதை மகளிடம் சொல்லப் போனது நான். அவள் நம்பவில்லை. இவர் அங்கே போக மறுத்தார், அவள் இங்கே வர மறுத்தாள். நடுவில் தூது போய்ப் போய் என் நாக்கு தேய்ந்ததுதான் மிச்சம்.

அந்த வாரம் எனக்குப் பொறுமை போய்விட்டது. நீங்களே நேரில் போய் ஒரு வார்த்தை பேசினால் என்ன குறைந்துவிடும் என்று போனில் கத்தினேன். எந்த முகத்தை வைத்துக்கொண்டு போவது என்றார், வழக்கமாகச் சொல்வதையே. அப்படியே அங்கேயே கிடந்து சாவுங்கள் என்று சொல்லி போனை வைத்தேன். வாய்க்கு வந்தது, சொல்லிவிட்டேன். அடுத்த மூன்று நாள் அவர் போனை எடுக்கவில்லை. கோபத்தில் இருக்கிறார் என்று முதல் நாள் நினைத்தேன். இரண்டாம் நாள் எனக்கும் கோபம் வந்தது. மூன்றாம் நாள் சோறு ஆக்கிக்கொண்டு கிளம்பினேன்.

இப்போது புரிகிறதா அந்த வாசலில் மூன்றாவது தடவை அடிக்க ஏன் விரல் வரவில்லை என்று?

மண்டோரைக் கூப்பிட்டேன். அவர் கைலியை மடித்துக் கட்டிக்கொண்டு வந்து வீட்டை ஒரு சுற்றுச் சுற்றினார். முன்கதவு உள்ளே தாழ் போட்டிருந்தது. அது எப்போதும் அப்படித்தான். அண்ணன் புழங்குவது பின்கதவில். அந்தப் பின்கதவில் பூட்டு வெளியே தொங்கியது. மோட்டார் சைக்கிள் கொட்டகையில் நின்றது.

ஆக, ஆள் உள்ளே இல்லை. வெளியே போயிருக்கிறார். மோட்டார் இல்லாமல், போன் இல்லாமல், நடந்து. மண்டோர் என் முகத்தைப் பார்க்காமல் ஓடைப் பக்கம் பார்த்தார். அண்ணன் சாயங்காலத்தில் தூண்டிலை எடுத்துக்கொண்டு அங்கேதான் போவார்.

"மூணு நாளா நானும் ஆளப் பாக்கல தங்கச்சி. உங்கூட்டுக்குத்தான் வந்திருக்கான்னு நெனச்சேன் லா."

அவர் புதர் வெட்டும் பாராங் கத்தியை எடுத்து வரப் போனார். நான் கொட்டகையில் மோட்டார் மேல் கையை ஊன்றிக்கொண்டு நின்றேன். அந்த ஐந்து நிமிஷத்தில் செய்ததைத்தான் இன்றுவரை என்னால் விளங்கிக்கொள்ள முடியவில்லை.

போனை எடுத்துக் குடும்பக் குழுவில் எழுதினேன். 'அண்ணன் நம்மை விட்டுப் போயிட்டாரு. எல்லாரும் வாங்க.'

உடம்பைக் கண்ணால் பார்க்காமல் ஒருத்தி இப்படி எழுதுவாளா? எழுதினேன். நான் சொன்ன சொல்லே அவரைக் கொண்டுபோய்விட்டது என்று பயந்தது உண்மை. அழுதேன், அதுவும் உண்மை. ஆனால் அனுப்பிவிட்டு மூச்சு விட்டபோது, இனிமேல் தூது போக வேண்டாம் என்று உள்ளே எங்கோ ஒரு மூலையில் லேசாக இருந்தது. அதுவும் உண்மைதான். எது முதலில் வந்தது என்று கேட்காதீர்கள். எனக்கே தெரியாது.

கிழங்கு தெரியும், பூ தெரியாது

இங்கே சேனைக்கிழங்கைப் பற்றிக் கொஞ்சம் சொல்லியாக வேண்டும். சொல்லாவிட்டால் பின்னால் நடந்ததை நம்பமாட்டீர்கள்.

எங்கள் ஆட்களில் சேனை தெரியாதவர் யார்? புளி விட்டு வேகவைக்காவிட்டால் நாக்கு அரிக்கும் என்று பிள்ளைகளுக்குக்கூடத் தெரியும். தண்டு பாம்புத்தோல் மாதிரி வெள்ளைத் திட்டுத் திட்டாக நிற்கும். மேலே ஒரே ஒரு இலை, குடை விரித்த மாதிரி. லயத்து வீடுகளின் பின்னால் லோங்காங் வடிகால் ஓரத்தில் ஆளுக்கு நாலு குழி போட்டிருப்பார்கள். இலை பழுத்துச் சாய்ந்ததும் தோண்டிவிடுவார்கள்.

அங்கேதான் விஷயம் இருக்கிறது. தோண்டிவிடுவார்கள். ஒரு வருஷம், மிஞ்சினால் இரண்டு வருஷம். அதற்கு மேல் எந்தக் கிழங்கையும் எங்கள் ஜனம் மண்ணுக்குள் விட்டுவைத்ததில்லை. ஆனால் அது பூக்க அதற்கு மேல் சில வருஷம் வேண்டும். யாரும் தொடாமல் கிடந்து, பெருத்து, வெயில் காலத்தில் இலை உதிர்ந்து உறங்கி, முதல் மழை மண்ணில் இறங்கும்போது இலைக்கு முன்னால் பூவை மட்டும் வெளியே தள்ளும். இலை இருக்கும்போது பூ இருக்காது, பூ இருக்கும்போது இலை இருக்காது. ஆகவே தலைமுறை தலைமுறையாகச் சேனை தின்ற நாங்கள் சேனையின் பூவைப் பார்த்ததே இல்லை. எதிரே வந்து நின்றாலும் அடையாளம் தெரியாது.

இதெல்லாம் பிற்பாடு தெரிந்துகொண்டது. அன்றைக்கு எனக்குத் தெரிந்தது நாற்றம் மட்டும்.

ஓடைக்கரையில்

மண்டோர் முன்னால் போனார், நான் பின்னால். லயத்துக்கும் ஓடைக்கும் நடுவே முப்பது நாற்பது அடி அகலத்துக்கு ஒரு காட்டுத் துண்டு இருக்கிறது. ஓடைக்கரையில் செம்பனை நடக்கூடாது, மருந்து அடிக்கக்கூடாது என்று தோட்டத்தில் ஒரு ஒழுங்கு. அதனால் தோட்டம் முழுக்க மொட்டையாக இருந்தாலும் அந்தத் துண்டில் மூங்கில், காட்டு வாழை, பாக்கு எனப்படும் பெரணிக்கீரை எல்லாம் தன் இஷ்டத்துக்கு வளர்ந்து கிடந்தன. மட்கிய மட்டையின் மேல் கால் வைத்தால் கணுக்கால்வரை போனது.

ஒவ்வோர் அடியிலும் நாற்றம் கூடியது. முந்தானையை மூக்கில் வைத்துக் கட்டினேன். ஈக்களின் சத்தம் கேட்க ஆரம்பித்தது. மண்டோர் நின்றார். நானும் நின்றேன். போகாதே என்று மனசு சொன்னது. கூடப்பிறந்தவளே போகாவிட்டால் யார் போவது என்றும் அதே மனசுதான் சொன்னது.

மூங்கில் புதரைத் தாண்டியதும் கண்டோம்.

தரையிலிருந்து நேராக முளைத்திருந்தது. தண்டு என்று ஒன்று இருந்ததாகவே தெரியவில்லை. முகம் கழுவும் தொட்டி அளவுக்கு, கருஞ்சிவப்பில் ஒரு விரிப்பு. பாவாடை ஓரத்துக்குச் சுருக்கு வைத்துத் தைத்தது போல அதன் விளிம்பு நெளிந்து நெளிந்து போனது. நடுவில் ஒரு பெரிய உருண்டை, கசாப்புக் கடையில் தொங்கும் ஈரல் நிறத்தில், சுருக்கம் சுருக்கமாக. அதன் மேல் ஈக்களும் கறுப்பு வண்டுகளும் மொய்த்தன. பக்கத்தில் இன்னொன்று மொட்டாக மண்ணைப் பிளந்துகொண்டு நின்றது.

எனக்குத் தலை கால் புரியவில்லை. இது என்ன? காளானா? யாராவது வெட்டிப் போட்ட மிருகத்தின் பாகமா? மண்டோர் பாராங்கைக் கீழே போட்டுவிட்டுக் கைகூப்பினார். அப்புறம் ஒரு குச்சியை எடுத்து அதைச் சுற்றி மண்ணைக் கிளற ஆரம்பித்தார். என்ன செய்கிறீர்கள் என்றேன். கீழே உடம்பு இருந்தால்தான் மேலே இப்படி ஒன்று முளைக்கும் என்றார். அந்த நேரத்தில் அது எனக்கு முழு நியாயமாகப் பட்டது. நானும் உட்கார்ந்து கையால் மண்ணைத் தள்ளினேன். மூன்று நாளில் ஒரு ஆள் எப்படித் தானே மண்ணுக்குள் போவார் என்று இரண்டு பேருக்கும் தோன்றவில்லை பாருங்கள்.

உருண்டையின் பக்கத்தில் கை போனபோது சூடு தெரிந்தது. ஆமாம், சூடு. காய்ச்சல்காரன் நெற்றியைப் போல. சத்தியமாகச் சொல்கிறேன், அப்போதுதான் நான் கத்தினேன்.

கத்தல் கேட்டு ஓடையின் அக்கரையிலிருந்து பாக் ஹாஷிம் இறங்கி வந்தார். பக்கத்து மலாய்க் கம்போங்கில் குடியிருக்கும் பெரியவர். அங்கே பாக்குக்கீரை பறிக்க அடிக்கடி வருவார். கையில் ஒரு கட்டுக் கீரை. எங்களையும் தோண்டிய குழியையும் பார்த்தார். மண்டோர் மலாயில் விஷயத்தைச் சொன்னார். அவர் சிரிக்கவில்லை, நல்ல மனுஷன். இது பூ என்றார். புங்ஙா பங்கை, பிணப்பூ. இன்றைக்கு மத்தியானம்தான் விரிந்திருக்கும், முதல் சாயங்காலம்தான் இப்படிச் சூடாகி நாறும், ஈயையும் வண்டையும் கூப்பிடுவதற்காக. நாளைக்கு நாற்றம் அடங்கிவிடும், நாலைந்து நாளில் பூ சாய்ந்துவிடும், அப்புறம் இலை வரும். அந்த இலையைப் பார்த்தால் உங்களுக்கே தெரியும், நீங்கள் புளி போட்டுச் சமைப்பீர்களே, அதன் காட்டு ஜாதி என்றார்.

மண்டோருக்கு ரோஷம் வந்துவிட்டது. நாற்பது வருஷமாகச் சேனை போடுகிறேன், அது பூத்து நான் பார்த்ததில்லை என்றார். நீங்கள் எங்கே பூக்க விட்டீர்கள் என்று பாக் ஹாஷிம் சாதாரணமாகக் கேட்டார்.

நான் போனில் படம் எடுத்து, செடிகளை அடையாளம் காட்டும் அந்தச் செயலியில் போட்டுப் பார்த்தேன். என் பேத்தி ஏற்றிக் கொடுத்தது. முதலில் காளான் என்றது. அப்புறம் முட்டைக்கோஸ் என்றது. நான் மட்டும் குழம்பவில்லை என்று ஒரு ஆறுதல்.

நாற்றம் எதிலிருந்து என்று தெரிந்துவிட்டது. அண்ணன் எங்கே என்று மட்டும் தெரியவில்லை. உள்ளே போன் அடிக்கிறது, மோட்டார் நிற்கிறது, மூன்று நாளாக ஆளைக் காணோம். பூ பூத்ததால் அண்ணன் உயிரோடு இருக்கிறார் என்று ஆகிவிடுமா? பக்கத்திலேயே ஓடை ஓடுகிறது. மழை வேறு பெய்திருக்கிறது. அழுவதா நிறுத்துவதா என்று தெரியாமல் மூங்கிலைப் பிடித்துக்கொண்டு நின்றேன்.

கண்ணீர் அஞ்சலி

அதற்குள் போனில் வேறு கூத்து நடந்துகொண்டிருந்தது.

சித்தப்பா மகன் ஒருவன் படம் போடுவதில் கெட்டிக்காரன். என் மகள் கல்யாணத்தில் அண்ணனை எடுத்த படத்தை வெட்டி, சுற்றிலும் மாலை வைத்து, கீழே இரண்டு குத்துவிளக்கு வைத்து, 'கண்ணீர் அஞ்சலி' என்று குழுவில் போட்டுவிட்டான். இருபது நிமிஷம்கூட ஆகவில்லை. கீழே கைகூப்பும் படங்கள் வரிசையாக வந்துகொண்டிருந்தன. சுங்கை செம்பிலாங்கிலிருந்து உறவுக்காரர்கள் வேன் பேசிவிட்டார்களாம். மாலை எத்தனை வாங்குவது என்று ஒருவர் கேட்டிருந்தார்.

திருத்தி எழுத உட்கார்ந்தேன். 'மன்னிக்கவும், நாறியது பூ' என்று எழுதி அழித்தேன். 'அண்ணன் இறந்தாரா என்று உறுதியாகத் தெரியவில்லை' என்று எழுதினேன். அதைப் படிக்கிறவன் என்ன நினைப்பான்? அதையும் அழித்தேன்.

அப்போது கவிதா கூப்பிட்டாள். நாலு வருஷமாக அப்பா என்ற வார்த்தை வந்தாலே போனை வைத்துவிடுகிறவள். எங்கே வைத்திருக்கிறீர்கள் அத்தை என்று மட்டும் கேட்டாள். பின்னால் சாலைச் சத்தம் கேட்டது. பாதி வழி வந்துவிட்டாள்.

இங்கேதான் நான் செய்தது தப்பா சரியா என்று இன்றைக்கும் எனக்குப் பிடிபடவில்லை. காலடியில் பூ இருக்கிறது. நாற்றத்தின் காரணம் தெரிந்துவிட்டது. பொறும்மா, இன்னும் எதுவும் நிச்சயமில்லை, நான்தான் அவசரப்பட்டேன் என்று சொல்லியிருக்கலாம். சொன்னால் அவள் காரைத் திருப்பிவிடுவாள். உயிரோடு இருக்கும் அப்பாவைப் பார்க்க அவள் வரமாட்டாள். செத்த அப்பாவுக்குத்தான் வருகிறாள். அந்த ஒரு நொடியில் அது எனக்குப் பளிச்சென்று தெரிந்தது.

"லயத்து வீட்டுக்கு வா கவிதா" என்றேன்.

ஒரு சின்ன விலகல்

அந்த ஓடைக்கரைக்குப் பிற்பாடு பல தடவை போயிருக்கிறேன். பாக் ஹாஷிம் சொன்னது அப்படியே நடந்தது. பூ கறுத்துச் சுருண்டது. நாற்றம் போன இடம் தெரியவில்லை. சில வாரம் கழித்து அதே மண்ணிலிருந்து திட்டுத் திட்டாக ஒரு தண்டு கிளம்பி ஆள் உயரத்துக்குக் குடை விரித்தது. பூ இருந்த காம்பில் பிறகு சிவப்புச் சிவப்பாகக் காய்கள் பழுத்தன. கொண்டைக்குருவிகள் வந்து கொத்திக்கொண்டு போயின.

அது இருக்கிற இடத்தையும் கவனித்தேன். தண்ணீர் தேங்கினால் கிழங்கு அழுகிவிடும், அதனால் ஓடையை ஒட்டி, ஆனால் கொஞ்சம் மேட்டில். முழு வெயில் பட்டால் இலை கருகும், அதனால் மூங்கில் நிழலில். பன்றி கிளறாத, பாராங் படாத, மருந்து தெளிக்காத மண். இத்தனை பெரிய தோட்டத்தில் அதற்குக் கிடைத்தது அந்த நாற்பது அடி. யாரும் கண்டுகொள்ளாமல் விட்டதால் பிழைத்தது. வருஷத்தில் பாதி நாள் மேலே ஒன்றுமே இருக்காது. செத்துவிட்டது என்றுதான் நினைப்போம்.

சரி, அன்றைய மாலைக்கு வருகிறேன். வெளிச்சம் குறைந்துகொண்டிருந்தது.

ரவாங்கிலிருந்து வந்த கார்

கவிதாவின் சின்ன வெள்ளைக் கார் லயத்துக்கு முன்னால் குறுக்கே வந்து நின்றது. எஞ்சினை நிறுத்தவில்லை, கதவையும் சாத்தவில்லை, அப்படியே இறங்கி ஓடி வந்தாள். தொழிற்சாலைச் சட்டையோடு வந்திருந்தாள். கழுத்தில் வேலைக்கார்டு தொங்கியது. அப்பா எங்கே என்றாள். தேடிக்கொண்டிருக்கிறோம் என்றேன். அவள் அதை எப்படிப் புரிந்துகொண்டாளோ, ஓடைப் பக்கம் பார்த்தாள். அங்கிருந்து நாற்றம் வந்தது. அவ்வளவுதான், படியில் உட்கார்ந்துவிட்டாள்.

அவள் அழுத அழுகையை நான் எப்படி எழுதுவேன்? அண்ணி போனபோதுகூட இவள் அழுததை நான் பார்க்கவில்லை, பல்லைக் கடித்துக்கொண்டே நின்றாள். இப்போது படியில் தலையை முட்டிக்கொண்டு, நாலு வருஷம் வீம்பு பிடித்தேனே, ஒரு வார்த்தை பேசியிருக்கலாமே, குடியை விட்டது எனக்குத் தெரியுமே என்று சொல்லிச் சொல்லி அழுதாள். தெரியுமாம். நான் சொன்னபோதெல்லாம் நம்பாத மாதிரி இருந்தவள். எனக்கு அவளை அணைப்பதா அறைவதா என்று தெரியவில்லை. பூவைப் பற்றி இப்போதாவது சொல் என்று உள்ளே ஒன்று பிடித்துத் தள்ளியது. நான் சாலைப் பக்கம் பார்வையைத் திருப்பிக்கொண்டேன்.

செம்மண் சாலையில் ஒரு மீன் லோரி வந்து நின்றது. ஒருவர் இறங்கினார். கையில் தண்ணீர் சொட்டும் பிளாஸ்டிக் பை.

அண்ணன்.

பாகான் நக்கோடா ஓமார் மீனவர் ஊரில் வலை தைக்க ஆள் வேண்டும் என்று மீன் வியாபாரி ஆ சேங், நான் போனில் கத்திய மறுநாள் காலையில் வந்து அவசரப்படுத்தி ஏற்றிக்கொண்டு போயிருக்கிறான். போன் மின்சாரத்தில் மாட்டியது மாட்டியபடி. ஒரு நாள் வேலை. அங்கே லோரி படுத்துவிட, மூன்று நாளாகிவிட்டது. யாருடைய எண்ணும் அவருக்கு மனப்பாடம் இல்லை. இதெல்லாம் அப்புறம் கேட்டுத் தெரிந்தது. அப்போது நான் பார்த்தது, அவர் சாலையில் நின்று காரையும் எங்களையும் பார்த்து, செருப்பைக் கழற்றிவிட்டு, துக்க வீட்டுக்கு வருகிறவர் போலத் தலையைக் குனிந்து நடந்து வந்ததைத்தான். வழியில் நின்ற மண்டோரிடம் மெதுவாகக் கேட்டார்.

"யாருய்யா போயிட்டாங்க?"

மண்டோர் அவரையே பார்த்துக்கொண்டு நின்றார்.

"நீதான் லா" என்றார்.

அதற்குள் படியிலிருந்து வந்த அழுகை அவர் காதில் விழுந்துவிட்டது. யார் குரல் என்று தெரிந்துவிட்டது. நாலு அடி நடந்தார், நின்றார். என்னைப் பார்த்தார். அவள் அவருக்கு முதுகைக் காட்டிக்கொண்டு அப்பா அப்பா என்று அழுதுகொண்டிருந்தாள். நான் கூப்பிட்டுச் சொல்லியிருக்க வேண்டும். சொல்லவில்லை. அண்ணனும் கூப்பிடவில்லை. இரண்டு பேரும் அந்த அழுகையைக் கேட்டுக்கொண்டு நின்றோம். எவ்வளவு நேரம் என்று தெரியாது. பையிலிருந்து தண்ணீர் சொட்டிச் சொட்டி அவர் காலடி மண் நனைந்துவிட்டது. கவிதாவுக்கு நாங்கள் செய்த பெரிய அநியாயம் அதுதான் என்று நினைக்கிறேன். வேறு என்ன செய்திருக்க முடியும் என்றும் தெரியவில்லை.

அவள் மூக்கைச் சிந்தத் திரும்பியபோது அவரைப் பார்த்தாள்.

கத்தவில்லை. பேய் என்று பயப்படவில்லை. மேலிருந்து கீழ்வரை பார்த்தாள், மீன் பையைப் பார்த்தாள், அப்புறம் என்னைப் பார்த்தாள். அந்தப் பார்வையை நான் சாகும்வரை மறக்கமாட்டேன். பூ என்றேன். ஓடைப் பக்கம் கை காட்டி, அது பூம்மா, பூதான் நாறுகிறது என்று ஏதோ உளறினேன். அவள் அதைக் கேட்ட மாதிரியே தெரியவில்லை. எழுந்து முகத்தைச் சட்டைக் கையில் துடைத்துக்கொண்டாள். அவள் அப்பாவிடம் பேசினாள். நாலு வருஷத்தில் முதல் தடவை.

"ரவாங்லேர்ந்து வர்ற வழி பூரா அழுதுட்டேம்ப்பா. இருந்ததெல்லாம் அழுது தீத்துட்டேன். இனிமே நீங்க நெஜமா போறப்ப எங்கிட்ட ஒண்ணும் இருக்காது."

அண்ணனின் தாடை ஆடியது. மன்னிப்புக் கேட்கப் போகிறார் என்று நினைத்தேன். கேட்கச் சொல்லி நாலு வருஷமாக நான் சொல்லிக் கொடுத்த வார்த்தைகள் எத்தனை! ஒன்றுகூட அவர் வாயில் வரவில்லை.

"பரவால்லம்மா. அப்ப நான் எங்க பாக்கப் போறேன்? இப்ப பாத்துட்டேன்ல."

கவிதா அவரைத் தாண்டிக் காரை நோக்கி நடந்தாள். போகிறாள், இனி இந்தப் பக்கம் தலைவைத்துப் படுக்கமாட்டாள், எல்லாம் என்னால்தான் என்று நினைத்தேன். அண்ணன் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. பையைப் பிடித்தபடி ஓடையைப் பார்த்துக்கொண்டு நின்றார்.

அவள் திறந்து கிடந்த கார்க் கதவுக்குள் குனிந்தாள். கையை விட்டு எஞ்சினை நிறுத்தினாள்.